மலைநாட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டும்போது உங்களை நிறுத்திவைத்த சந்திப்பு எது?

லிந்துலைப் பையன் எழுதியது:

வணக்கம். 2022இல் பெட்ரோல் வரிசை ஊரைச் சுற்றி நீண்டு கிடந்த நாட்களில்தான் நான் சைக்கிள் வாங்கினேன். அதுவரை எங்கள் பக்கத்தில், சைக்கிள் என்பது யாழ்ப்பாணத்துக்காரருக்கும் அநுராதபுரத்துக்காரருக்கும் உரிய சாமான், இந்த மேட்டுக்கு அது சரிவராது என்றுதான் பேச்சு. எங்கள் தோட்டத்து லய வரிசையில் ஒரு வீட்டில்கூட சைக்கிள் இருந்ததில்லை. தலவாக்கலையில் ஒருவர் விற்க வைத்திருந்த பழைய கியர் சைக்கிளை அண்ணனிடம் பாதிக் காசு வாங்கி எடுத்தேன். அப்புறம் பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து வரிசை குறைந்தது, ஆனால் நான் சைக்கிளை விடவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாளாவது லிந்துலையிலிருந்து நானுஓயா வரை ஏறுகிறேன்.

போன சனிக்கிழமை அப்படி ஏறும்போது எனக்கு முன்னால் ஒரு சூன் பாண் ஓட்டோ, மெட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் ஓட்டோ, போனது. அது லயத்துக்கு லயம் நிற்கும், நான் முந்துவேன். அப்புறம் அந்த மெட்டைப் போட்டுக்கொண்டு அது என்னை முந்தும். மூன்றாவது தடவை பாண்கார அண்ணன் தலையை வெளியே நீட்டி, "தம்பி, அவசரமா போறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஓட்டோவை ஓரங்கட்டி விஷயத்தைச் சொன்னார். தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போகும் பாதையில் மழைக்கு மண் சரிந்து கிடக்கிறது, ஓட்டோ போகாது, மூன்று நாளாக அங்கே பாண் கொடுக்கவில்லை. அவர் நடந்து போனால் கீழே மற்ற லயமெல்லாம் காத்துக்கிடக்கும். என் சைக்கிளைப் பார்த்ததும் அவருக்கு அந்த யோசனை வந்திருக்கிறது.

எட்டு றாத்தல் பாண், ஒரு பை நிறையக் கிம்புலா பனிஸ். ஹேண்டிலில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். சரிந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கி, சேறு கணுக்கால் வரை ஏற, மெதுவாகக் கடந்தேன். மேலே போய் நின்றால் ஒருவரும் வெளியே வரவில்லை, ஏனென்றால் மெட்டுச் சத்தம் இல்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா என் பையைப் பார்த்தார், எழுந்து வந்து கையைக் குவித்து "பாண் வந்திருக்கு, பாண்!" என்று இரண்டு தடவை கத்தினார். கதவுகள் எல்லாம் திறந்தன. ஒரு அக்கா போன வாரக் கடன் என்று இரண்டு றாத்தல் காசைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார், அதை என் கையில் கொடுத்து "அவருகிட்ட குடுத்துருங்க" என்றார். நான் யார், எந்த ஊர் என்று அவர் கேட்கவே இல்லை. அந்தக் கடதாசிச் சுருளைச் சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் போயிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? எழுதுங்கள், எவ்வளவு நீளமானாலும் வாசிப்பேன். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. இறங்கும்போது பிரேக்கில் கருகிய மணம் வருகிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஊவா டீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் கடதாசிச் சுருளை வாசித்துவிட்டு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பண்டாரவளைப் பக்கம். விடுமுறை நாட்களில் அப்புத்தளைக்குப் போய் அங்கிருந்து தம்பேதன்ன பாதையில் ஏறுவேன். தாமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை வரை சுமார் பத்து கிலோமீட்டர், அதற்கு மேல் லிப்டன் சீட் வரை ஏழு கிலோமீட்டர் போல, முழுக்க முழுக்கத் தேயிலைக்குள்ளேயே வளைந்து வளைந்து போகும். விடிவதற்கு முன்னால் ஏறிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி ஏறிவந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ஒரு நாள் இறங்கி வரும்போது கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் குடிக்க நின்றேன். கொழுந்து நிறுக்க வந்த அக்காமார் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். பெண் ஒருத்தி சைக்கிளில் வந்ததைப் பார்த்து ஒரே கேள்வி. எந்த ஊர், கலியாணம் ஆகிவிட்டதா, வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா, கால் வலிக்காதா. அவர்களில் ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர் மட்டும் ஒன்றும் கேட்காமல் சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெல்ல, "ஒருவாட்டி ஏறிப் பாக்கட்டுமா டீச்சர்?" என்றார்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தத் தோட்டத்துக்குத் தபால் கொண்டுவரும் ஐயா ஒரு சைக்கிள் வைத்திருந்தாராம். ஏறும்போது தள்ளிக்கொண்டே வருவாராம், இறங்கும்போது மட்டும் ஏறி உட்கார்ந்து போவாராம். "அந்த ஆளு எறங்குறப்ப சட்டையெல்லாம் காத்துல உப்பிக்கிட்டு நிக்கும். அந்தக் காத்து மூஞ்சில பட்டா எப்படி இருக்கும்னு நானு நெனச்சிக்கிட்டே இருப்பேன்." நாற்பது வருஷத்துக்கு மேலாக மனதில் வைத்திருந்த கேள்வி அது.

இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துக் கூடையின்மேல் வைத்தார். மடுவத்துக்கு முன்னால் இருந்த சமதரையில் உட்காரவைத்தோம். ஆனால் அவருக்குச் சமதரை வேண்டாம், இறக்கம்தான் வேண்டும் என்றார். பாதை கொஞ்சம் சாய்வாக இறங்கும் ஒரு துண்டு இருந்தது, ஐம்பது அடிகூட இருக்காது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு அக்காமார் இரண்டு பக்கமும் ஓடினார்கள், பிரேக்கை எப்படி அழுத்துவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தேன். தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே போய் நின்றதும் அவர் இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி அப்படியே இருந்து, "ஆமா, இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அடுத்த மாதம் போனபோது நான்கு பேர் காத்திருந்தார்கள். இப்போது நான் போனால் மடுவத்தில் அரை மணி நேரம் என்பது எழுதாத கணக்கு.

ஊவாப் பக்கம் வர நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எங்கள் பக்கம் வெயில். ஆனால் அதே மாதங்களில் அப்புத்தளை இடைவெளியில் கச்சான் காற்று சைக்கிளையே பக்கவாட்டில் தள்ளும். ஒக்டோபரிலிருந்து எங்களுக்கு மழைக்காலம், அப்போது மண்சரியும் இடங்களில் தயவுசெய்து ஓட்ட வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. கொஸ்லந்தைப் பாதையில் போகும்போதெல்லாம் அந்த மலைப்பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நான் போவேன்.

புசல்லாவை ஒட்டுக்கடை எழுதியது:

முதலில் தம்பியின் பிரேக் விஷயம், ஏனென்றால் அது உயிர் விஷயம். கருகிய மணம் என்றால் நீங்கள் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குகிறீர்கள். பிரேக் கட்டை ரிம்மில் உரசி உரசிச் சூடாகிறது, அந்தச் சூடு டியூப்பில் இருக்கும் காற்றுக்கு ஏறுகிறது, காற்று விரிந்து டியூப் வெடிக்கும். வளைவில் முன்டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள், ரிம்முக்குக் காற்றுப் படட்டும். நீண்ட இறக்கத்தில் நடுவில் நிறுத்துங்கள், ரிம்மைக் கையால் தொடாதீர்கள், சுடும். மழையில் ரிம் நனைந்திருந்தால் சக்கரம் சில சுற்றுச் சுற்றித் தண்ணீர் துடைபட்ட பிறகுதான் பிரேக் பிடிக்கும், அதற்குத் தகுந்தபடி முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பழைய இரும்பு ரிம் என்றால் மழையில் நம்பவே வேண்டாம். ரதல்ல குறுக்கு வீதியில் மட்டும் இறங்காதீர்கள் தம்பி. பிரேக் போய் அங்கே விழுந்த வாகனங்களின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சரி, இப்போது என் கதை. நீங்கள் எல்லாம் சைக்கிள் மேலிருந்து பார்த்ததை எழுதுகிறீர்கள், நான் பாதையோரத்தில் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

றம்பொடையிலிருந்து லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் பூங்கொத்து விற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். வாகனம் வளைவைச் சுற்றி வருவதற்குள் தேயிலைக்குள் குறுக்கால் ஓடி அடுத்த வளைவில் வந்து நிற்பார்கள். பதினொரு வயதில் நானும் அப்படி நின்றவன். ஒரு நாள் வெள்ளைக்காரர் இருவர், புருஷன் பெண்சாதி போல, மூட்டை முடிச்சோடு சைக்கிளில் ஏறி வந்தார்கள். காரை விரட்டினால் மூச்சு முட்டும். இவர்களோ நான் நடந்தாலே முந்திவிடும் வேகம். முதல் வளைவில் பூவை நீட்டினேன், அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனார். இரண்டாவது வளைவில் சிரித்தார். மூன்றாவதில் இறங்கி நின்று தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார். நான்காவது வளைவுக்கு நானும் என் கூட்டாளியும் பின்னால் நின்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். பூக்கொத்து ஹேண்டிலில் செருகியிருந்தது.

அப்படிப் போகும்போது அந்த ஆளின் பின்டயரில் காற்றுப் போய்விட்டது. பக்கத்தில் மலைத் தண்ணீர் விழும் ஒரு பீலி இருந்தது. அந்த அம்மா டியூப்பைக் கழற்றி, பீலிக்கரையில் வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தார். அந்தக் குமிழி என் விரலில் பட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. துடைத்து, உப்புக்கடதாசியால் தேய்த்து, பசை பூசி, பசை காயும்வரை பொறுத்து, அப்புறம் ஒட்டை வைத்து அமுக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் என் கையாலேயே செய்யவைத்தார். போகும்போது பூவுக்குக் காசு கொடுத்ததோடு, ஒட்டும் பசையும் இருந்த சின்ன டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த டப்பாவில் முதலில் ஒட்டியது எங்கள் லயத்துப் பையன்களின் பந்து. அப்புறம் பால் எடுக்க வருகிறவரின் சைக்கிள். அப்புறம் லொறி திருத்தும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது புசல்லாவையில் எனக்குச் சொந்தமாக ஒட்டுக்கடை இருக்கிறது. அவர்கள் பேர் என்ன, எந்த நாடு என்றுகூட எனக்குத் தெரியாது. பூ விற்ற காலத்தில் நான் எவ்வளவோ நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அந்த இழப்பு எனக்குத் தெரியும். அதனால் பள்ளிக்கூட நாளில் பாதையில் நிற்கும் பிள்ளையைக் கண்டால், பூ வாங்குகிறீர்களோ இல்லையோ, நின்று எத்தனையாம் ஆண்டு படிக்கிறாய் என்று கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

பருத்தித்துறையான் எழுதியது:

ஒட்டுக்கடை அண்ணா, வாசிச்சு முடிச்சு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

நான் வடக்கு. எங்களுக்குச் சைக்கிள் கைகால் மாதிரி, பள்ளிக்கூடம், சந்தை, கோயில், செத்தவீடு எல்லாம் அதிலேதான். வேலை மாற்றம் வந்து ஹட்டன் பக்கம் இரண்டு வருஷம் இருந்தேன். கியர் இல்லாத லுமாலா சைக்கிளையும் கூடவே கொண்டுவந்தேன். ஏற்றம் எல்லாம் தள்ளித்தான் போனேன், அதில் குறை ஒன்றும் இல்லை, தள்ளிக்கொண்டு நடக்கும்போதுதான் ஆட்கள் கதைப்பார்கள்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். மேலே மலையிலிருந்து திடீரென்று கூச்சல். "குளவி, குளவி!" என்று கத்திக்கொண்டு கொழுந்தெடுத்த பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டு ஓடிவருகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஊரில் குளவி என்றால் ஒன்று இரண்டு கொட்டும், அவ்வளவுதான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடிவந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துத் தேயிலை நிரைக்கு நடுவே இருந்த தண்ணீர்க் கானுக்குள் தள்ளினார், தானும் பக்கத்தில் குப்புறப் படுத்து, இடுப்பில் இருந்த படங்கை அவிழ்த்து இரண்டு பேர் தலைக்கும் சேர்த்து மூடினார். "மூச்சு விடுங்க, அசையாதீங்க" என்றார். மேலே அந்த இரைச்சல். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கால்மணி நேரம் இருக்கும். அந்த நேரம் முழுக்க அவருடைய கை என் பிடரியில் இருந்தது, ஒரு பிள்ளையைப் பிடித்திருப்பதுபோல.

எழுந்து பார்த்தபோது ஆறேழு பேருக்குக் கொட்டியிருந்தது, இரண்டு பேர் மயங்கிக் கிடந்தார்கள். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று அடுத்த நாள் போய் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். குளவி கொட்டித் தொழிலாளர் சாவது மலையகத்தில் ஒவ்வொரு வருஷமும் செய்தியாக வருகிறது. அந்தச் செய்தியை நான் வடக்கில் இருந்து எத்தனை தடவை ஒரு வரியில் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்!

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்தது. லொறி போன பிறகு மலையில் கூடைகள் அப்படியே கவிழ்ந்து கிடந்தன. என்னை இழுத்துப் படுக்கவைத்த அம்மா, அடங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு, இரண்டு பேரோடு மேலே ஏறிச் சிந்திய கொழுந்தை அள்ளினார். ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் கொழுந்தும் அவர்கள் பேரிலேயே நிறுக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய நாள் அவர்களுக்கு வீண் என்றார். அந்தச் சாக்குகளை என் சைக்கிள் கரியரில் கட்டி இரண்டு நடையாக மடுவத்துக்குக் கொண்டுபோனோம். ஒருவர் பேருக்கு ஒன்று, மற்றவர் பேருக்கு ஒன்று என்று அவர் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார். தன்னுடையதைக் கடைசியாகத்தான் வைத்தார்.

தோட்டப் பாதையில் ஓட்டுகிறவர்கள் கேளுங்கள். குளவி என்ற சத்தம் கேட்டால் நின்று பார்க்காதீர்கள், அவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ அந்தப் பக்கம் போங்கள், கையில் மழைக்கோட்டு இருந்தால் தலையை மூடுங்கள்.

மவுசாகலை எழுதியது:

எல்லோரும் பெரிய கதையாக எழுதியிருக்கிறீர்கள், என்னுடையது சின்னது. எங்கள் மஸ்கெலியாவின் பழைய நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும். அப்படி வற்றிய ஒரு மாதத்தில் காய்ந்த சேற்றின்மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். ஒரு பெரியவர் குடையை ஊன்றிக்கொண்டு தனியாக நின்றார். "தம்பி, நீங்க இப்ப பசார் வீதியில சைக்கிள் உருட்டுறீங்க" என்றார். அப்புறம் குடை நுனியால் தரையில் கோடு போட்டு, இங்கே துணிக்கடை, இங்கே சலூன், இங்கே தான் முதல் தடவை சினிமா விளம்பரம் பார்த்த சுவர் என்று காட்டிக்கொண்டே நடந்தார். கடையே இல்லாத வீதியில் ஒவ்வொரு கடை வாசலுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். நானும் அவர் பின்னால் ஒதுங்கி ஒதுங்கித்தான் உருட்டினேன்.

ஊவா டீச்சர் எழுதியது:

மவுசாகலை, இது சின்னக் கதையா? அந்தப் பெரியவர் சொன்ன கடைகளை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் ஞாபகம் இருக்கும்போதே எழுதுங்கள். முடிந்தால் அவரைத் தேடிப் போய் இன்னொரு தடவை கேளுங்கள்.

லிந்துலைப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாக வாசித்தேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். குளவிக் கதையில் அந்த அம்மா கொழுந்தைப் பிரித்துப் பிரித்து நிறுக்கக் கொடுத்த இடம் வந்ததும், "ஆமா, அப்படித்தான் செய்வோம்" என்று மட்டும் சொன்னார்.

ஒட்டுக்கடை அண்ணா, நீங்கள் சொன்னபடி இன்றைக்கு இறங்கிப் பார்த்தேன். வளைவுக்கு முன்னால் பிடித்தேன், அப்புறம் விட்டேன், இடையில் இரண்டு தடவை நிறுத்தினேன். மணம் வரவில்லை. கட்டையைப் பார்த்தேன், கோடெல்லாம் தேய்ந்து மொட்டையாக இருக்கிறது, மாற்ற வேண்டும். அடுத்த மாதம் றம்பொடைப் பக்கம் வர யோசனை இருக்கிறது, வந்தால் உங்கள் கடைக்குத்தான் வருவேன்.

பாண்கார அண்ணனை இன்றைக்கும் கண்டேன். பாதை இன்னும் திருத்தவில்லை. ஓட்டோவை நிறுத்தி, கேட்காமலே பத்து றாத்தலைப் பையில் போட்டார். இந்தத் தடவை அந்த மெட்டை என் போனில் பதிந்துகொண்டு போனேன். மேலே போய்ப் போட்டதும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். தாத்தாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அடுத்த தடவை போனை அணைத்துவிடு, நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை அப்படியே செய்யப்போகிறேன்.